சொல்லத் தகுந்த வீடு

மாணவரின் மாலைநேரப் படிப்பைப் பற்றி இப்பகுதியில் முன்பு எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தாயார் ஒருவர் நீண்ட கடிதம் வரைந்திருக்கிறார். அவருடைய மகள் உயர்தர வகுப்பிற் பயில்கிறாள். பௌதிகவியல் தனியார் வகுப்பு முடிய மாலை ஆறரை மணியாகிறது. பஸ் பிடித்து, சந்தியில் இறங்கி, ஒழுங்கையால் நடந்து வீடு சேர ஏழரை ஆகிவிடுகிறது. "படித்தது போதும், மறித்துவிடு" என்கிறாராம் பிள்ளையின் பெரியப்பா. "சோதனைக்கு இன்னும் எட்டு மாதந்தானே அம்மா" என்கிறாளாம் மகள். "நான் எதைச் சொல்லிக்கொடுத்தால் என் பிள்ளைக்கு ஆபத்து வராமற் காக்கலாம்?" என்பது அத்தாயாரின் வினா.

வகுப்பை மறிக்க வேண்டாம் என்பதே எமது விடை. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இத்தகைய விடயத்தைச் சிறியோரும் பெரியோரும் ஒருங்கிருந்து படிக்கும் பக்கத்தில் எழுதலாமோ என்று சில அன்பர் முகஞ் சுளிக்கக்கூடும். ஒருங்கிருந்து பேசாமையினாலேயே இத்தீமை நம் வீடுகளில் இத்தனை காலம் சுகமாகக் குடியிருந்து வந்திருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

பெண்பிள்ளைகளுக்கு நாம் வழிவழியாகச் சொல்லிவரும் புத்திமதிகள் யாவரும் அறிந்தவை. பொழுதுபடமுன் வீடு திரும்பு. முன்பின் அறியாதவரோடு பேசாதே. உடுப்பில் அடக்கம் வேண்டும். குனிந்த தலை நிமிராதே. இவற்றுட் சில பயனுள்ளவையே. ஆயினும் இவை யாவும் ஓர் எண்ணத்தின்மேற் கட்டப்பட்டவை. தீங்கு செய்பவன் அந்நியன், அவன் இருட்டில் ஒளித்திருப்பான், பெண்ணின் உடையே அவனை அழைக்கும் என்பது அவ்வெண்ணம். 2015ஆம் ஆண்டு மே மாதத்திற் புங்குடுதீவிலே பதினெட்டு வயது மாணவி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையை நம் நாட்டில் அறியாதார் இல்லை. யாழ்ப்பாணத்தில் அமர்ந்த மூன்று நீதிபதிகளைக் கொண்ட மன்று 2017 செப்ரெம்பரில் எழுவரைக் குற்றவாளிகளெனக் கண்டு மரணதண்டனை விதித்தது. அப்பிள்ளை புறப்பட்டது காலைப்பொழுதில். சென்ற வழி பாடசாலைக்குச் செல்லும் வழி. அணிந்திருந்தது பாடசாலைச் சீருடை. நம் புத்திமதிகளுள் எதனை அவள் மீறினாள்?

அந்நியனால் வரும் ஆபத்து இல்லையென்று சொல்ல வரவில்லை. அதற்கான எச்சரிக்கைகளைப் பின்னர்க் கூறுவோம். ஆனால் வைத்தியர்களும் நீதிமன்றங்களும் உலகெங்கும் கண்டுவரும் உண்மை வேறு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுட் பெரும்பாலானோர்க்கு அதனைச் செய்தவன் முன்னமே அறிமுகமானவன். சிறுபிள்ளைகளின் விடயத்தில் இது இன்னும் உறுதியானது. உறவினன், அயலவன், குடும்ப நண்பன், பாடஞ் சொல்லிக்கொடுப்பவன், பயிற்றுநன், சமயகாரியங்களில் முன்னிற்பவன் என்று பிள்ளை நம்பும்படி நாமே காட்டிக்கொடுத்த வட்டத்துக்குள்ளிருந்தே அவன் வருகிறான். வளர்ந்த பெண்களுக்குங்கூட ஆபத்து வீட்டுக்கு வெளியேதான் என்று கொள்வதற்கில்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய ஆய்வொன்றின்படி, மணமான அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐவருள் ஒருவர் அத்துணைவனாலேயே உடல்வகையிலோ பாலியல்வகையிலோ வன்முறைக்கு ஆளாகியிருக்கின்றனர். ஆகவே கதவைப் பூட்டி உள்ளே வைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நிம்மதி கொள்வது கணக்கை அரைவாசியில் விட்டு எழுந்த மாணவன் கொள்ளும் நிம்மதி போன்றது.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழாசிரியனுக்கு இது பழக்கதோஷம், வாசகர் பொறுத்தருள்க. நம் பத்திரிகைகள் நெடுங்காலம் இக்குற்றத்தைக் 'கற்பழிப்பு' என்றே எழுதிவந்தன. கற்பு என்பது ஒருவர் தாமாக மேற்கொள்ளும் நெறி. மற்றொருவன் செய்த குற்றத்தால் அது எங்ஙனம் அழியும்? திருட்டுக் கொடுத்த வீட்டுக்காரரின் நேர்மை பறிபோயிற்று என்று எவராவது எழுதுவதுண்டோ? வன்புணர்ச்சி என்று சொல்வோமாயின் குற்றம் செய்தவன் பக்கமே நிற்கும். பெயர் பிழைத்தாற் பழியும் இடம் மாறி விழுந்துவிடுகிறது.

அறிமுகமானவன் எவ்வாறு நெருங்குகிறான் என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்வது அவசியம். அவன் வேலி பாய்ந்து வருவதில்லை. முன்வாசலால், கையிற் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பையோடு வருகிறான். முதலிற் பெற்றோரின் நம்பிக்கையையே சம்பாதிக்கிறான். கஷ்டகாலத்திற் பணம் கொடுத்து உதவுவான். தந்தை வெளிநாட்டிலிருந்தால் வீட்டுக்காரியங்களைத் தலைமேற் கொண்டு செய்வான். பிள்ளைக்கு மற்றையோர் கொடாத பரிசுகளைக் கொடுப்பான். "நீதான் கெட்டிக்காரி, உன்னை வீட்டில் ஒருவருக்கும் விளங்குவதில்லை" என்பான். பின்னர்ச் சிறிய இரகசியம் ஒன்றை உண்டாக்குவான். அம்மாவுக்குத் தெரியாமற் குளிர்களி வாங்கிக் கொடுப்பது, தொலைபேசியிற் படம் பார்க்க விடுவது போன்ற அற்பமான இரகசியமாகவே அது இருக்கும். பிள்ளை அதனைக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பான். விளையாட்டுப்போலத் தொடுவான், பிள்ளை ஒதுங்கினாற் சிரித்து மழுப்புவான், ஒதுங்காவிட்டால் அடுத்தமுறை சற்று மேலே செல்வான். எல்லை மீறியபின் "நீயுந்தானே சம்மதித்தாய், சொன்னால் உனக்குத்தான் அடி விழும்" என்பான். பலாத்காரம் என்று நாம் கருதும் முரட்டுத்தனம் இதில் ஓரிடத்திலும் இல்லாமலே காரியம் முடிந்துவிடலாம்.

ஆண்பிள்ளைக்கும் இதே வழியிலேயே தீங்கு வருகிறது. "அவன் பொடியன்தானே, அவனுக்கு என்ன?" என்று நாம் கவலையின்றி இருப்பதே அவனை அணுகுபவனுக்கு வாய்ப்பாகிறது. வெட்கம் காரணமாக ஆண்பிள்ளைகள் இன்னும் ஆழமாக வாய்மூடிக் கொள்வார்கள். சட்டம் இதனை மறக்கவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995இற் செய்யப்பட்ட திருத்தம் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்றொரு குற்றத்தைப் புதிதாக வகுத்தது. அது ஆண், பெண் என்ற பேதமின்றி எவருக்கு இழைக்கப்பட்டாலும் குற்றமே.

இவ்வழியை அறிந்தால் அதனை அடைக்கும் வகையும் விளங்கும். இரகசியம் வேறு, எதிர்பாராத மகிழ்ச்சி வேறு என்று சிறுவயதிலேயே சொல்லிக்கொடுங்கள். அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய பரிசை இரண்டு நாள் மறைத்து வைப்பது மகிழ்ச்சி. "ஒருபோதும் ஒருவருக்கும் சொல்லாதே" என்று ஒரு பெரியவர் கேட்பது கூடாத இரகசியம். அதனை அன்றே வீட்டிற் சொல்லவேண்டும். உடலுறுப்புக்களின் பெயர்களைப் பிள்ளைக்குத் தெரியச் செய்யுங்கள். பெயர் தெரியாத இடத்தில் நேர்ந்ததைப் பிள்ளை எந்தச் சொல்லாற் சொல்லும்? மாமாவின் மடியில் இருக்கவோ, வந்தவர்க்கு முத்தங் கொடுக்கவோ பிள்ளை மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். கைகூப்பி வணக்கஞ் சொன்னாற் போதும். மரியாதை அதிலேயே நிறைவுபெறும்.

இங்கே நம் மரபோடு சிறிது முரண்படவேண்டியிருக்கிறது. பெரியோர் சொற்கேட்டு நடத்தல் நன்று என்று நாம் வகுப்பிலும் கோயிலிலும் இடைவிடாது போதிக்கிறோம். நல்லதே. ஆனால் விலக்கில்லாத கீழ்ப்படிவு பிள்ளையைப் பாதுகாப்பதில்லை. அதனைப் பயன்படுத்தத் துணிந்தவனுக்கே அது வசதி. உன் உடலைப் பற்றிய விடயத்தில் எவர் சொன்னாலும், ஆசிரியரே சொன்னாலும், மறுத்து எழுந்து வரலாம் என்ற விலக்கையும் சேர்த்துக் கற்பிக்கவேண்டும். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இதனைக் கேட்டு மனம் நோகலாகாது. தனியொரு பிள்ளைக்குப் பாடஞ் சொல்ல நேரின் கதவு திறந்திருக்கவேண்டும், பிறர் பார்வை படும் இடமாக இருக்கவேண்டும், பிள்ளைக்கு இரவில் தனிச்செய்தி அனுப்புதல் ஆகாது என்ற விதிகளை ஒவ்வொரு பாடசாலையும் தனியார் கல்வி நிலையமும் எழுதி ஒட்டிவிடலாம். திறந்த கதவால் நல்ல ஆசிரியர்க்கு ஒரு குறையும் வந்துவிடாது. கதவை மூடவேண்டும் என்று வாதாடுபவரிடம் பெற்றோர் காரணம் கேட்கலாம்.

இனி, இக்கட்டுரையில் நாம் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறோம். பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை?

நாம் கேட்கமாட்டோம் என்பதற்காக மட்டுமன்று. கேட்டபின் என்ன செய்வோம் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருப்பதனாலும் சொல்வதில்லை. பஸ்ஸில் ஒருவன் தகாதபடி நடந்தான் என்று மகள் சொன்னால் மறுநாளே வகுப்பு நின்றுவிடும். தொலைபேசியில் ஒருவன் தொல்லை தருகிறான் என்றால் தொலைபேசி பறிக்கப்படும். ஒழுங்கைச் சந்தியில் நின்றவன் பின்தொடர்ந்தான் என்றால் "நீ ஏன் அந்தப் பக்கம் பார்த்தாய்?" என்ற விசாரணை முதலில் வரும். குற்றம் செய்தவனுக்கு ஒன்றும் நேராது; சொன்னவளுக்கே தண்டனை. இந்தக் கணக்கைப் பதினாறு வயதுப் பிள்ளை ஒரு நிமிடத்திற் போட்டுவிடுவாள். ஆகவே மௌனமாயிருப்பாள். தீயவனுக்கும் அந்த மௌனமே வேண்டும். பெரியப்பா சொன்னபடி வகுப்பை மறித்தால் அத்தாயார் தம் மகளுக்குக் கற்பிக்கும் பாடம் இதுவாகவே இருக்கும். நாளைக்கு உண்மையான ஆபத்து வரும்போது, சொன்னால் எதை இழப்போம் என்று அவள் முதலிற் கணக்குப் பார்ப்பாள்.

சொன்ன பிள்ளைக்கு நாம் கூறவேண்டிய வார்த்தைகள் மிகச் சில. "சொன்னது நல்லது. நான் நம்புகிறேன். இது உன் பிழையன்று. இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." இதற்குமேல் அந்நேரத்தில் ஒன்றும் வேண்டியதில்லை. துருவித் துருவி ஐந்துமுறை கேட்பதும், அழுது புலம்பிப் பிள்ளையே தாயைத் தேற்றும்படி செய்வதும், கத்தியைத் தூக்கிக்கொண்டு அயல்வீட்டுக்கு ஓடுவதும் பிள்ளையின் வாயை மறுபடி அடைத்துவிடும். தந்தைமார் இதனைக் கருத்திற் கொள்க. கோபம் நியாயமானதே, ஆனால் அப்பா கொலைகாரன் ஆகிவிடுவாரே என்ற பயத்தால் உண்மையை விழுங்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

வாய் திறவாத பிள்ளையிடமும் சில அடையாளங்கள் தென்படும். நேற்றுவரை ஓடிச்சென்ற வீட்டுக்கு இன்று போக மறுத்தல், குறித்த ஒருவரைக் கண்டதும் ஒடுங்குதல், நித்திரையில் அலறுதல், விட்டுவிட்ட படுக்கை நனைத்தல் மீளுதல், படிப்பு திடீரென விழுதல், காரணமறியாப் பரிசும் பணமும் கையில் இருத்தல் என்று பலவகையாக இவை வெளிப்படும். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். அடிக்காமல், அதட்டாமல், அருகே இருந்து கேட்டறிவதற்கு இவை அழைப்பு.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் இவ்விடயம் முடியாது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று இலங்கையில் தாம் வினவிய பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கின்றனர் எனக் கூறிற்று. பொலிசாரின் உதவியை நாடியவர்கள் நூற்றுக்கு நால்வரே. மாலைநேர பஸ்ஸில் "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்று நடத்துநர் நெருக்கி அடைக்கும்போது, அந்நெரிசலைக் காத்திருப்பவர்கள் சிலர் உண்டு என்பது பயணஞ்செய்யும் பெண்கள் யாவரும் அறிந்ததே. பையை முன்புறமாக அணைத்துக்கொள்ளுதல், பெண்கள் இருக்கும் ஆசனத்தின் அருகே நிற்றல் என்பன சிறிது உதவும். ஆனால் கைமேல் பலன் தருவது குரல். "கையை எடு" என்று பஸ் முழுவதும் கேட்கச் சொல்லவேண்டும். 'அண்ணா' என்று முறைகூறவும் வேண்டாம், 'எடுங்கோ' என்று பணியவும் வேண்டாம். நம் பெண்பிள்ளைகளுக்கு உரத்துப் பேசுவது பிழையென்று சொல்லிச்சொல்லியே தொண்டையை அடைத்து வைத்திருக்கிறோம். வீட்டில் ஒருநாள் உரத்துச் சொல்லிப் பழகச் செய்யுங்கள். முதலிற் சிரிப்பு வரும். சிரித்து முடிந்தபின் குரல் வரும்.

அப்போது மற்றையோர் என்ன செய்வர் என்பதே பெருங்கேள்வி. பெரும்பாலும் யன்னலுக்கு வெளியே பார்ப்பர். இப்பகுதியைப் படிக்கும் மாணவர்களுக்கு, அதாவது ஆண்மாணவர்களுக்கு, ஒன்று சொல்ல விரும்புகிறோம். சண்டை பிடிக்கும்படி உங்களை எவரும் கேட்கவில்லை. எழுந்து, அவனுக்கும் அப்பெண்ணுக்கும் இடையில் நின்றாற் போதும். "இந்த இடத்தில் இருங்கோ அக்கா" என்று உங்கள் ஆசனத்தைக் கொடுத்தாற் போதும். நடத்துநரை அழைத்தாற் போதும். நண்பன் ஒருவன் தெருவிற் போகும் பெண்ணைப் பற்றிக் கீழ்த்தரமாகப் பேசும்போது சிரிக்காமல் இருப்பதும் ஒரு காரியமே. இவ்விடயத்தைப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்து மாத்திரம் பேசும் வழக்கத்தை எமது கல்லூரிகள் கைவிடவேண்டும். ஆயிரம் பெண்பிள்ளைகளுக்குக் குடைபிடிக்கக் கற்பிக்கும் நாம், கல்லெறிபவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பதில்லை. சம்மதம் என்றால் என்ன, மறுப்பு என்றால் என்ன, மௌனம் சம்மதமாகாது என்பவற்றை ஆண்பிள்ளை தந்தையிடமிருந்தே கேட்டறிதல் நன்று. இத்தகைய தொந்தரவு விளையாட்டன்று. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம்.

தொலைபேசியால் வரும் தொல்லை இக்காலத்தில் மிகுந்துவிட்டது. அன்பாகப் பேசிப் படமொன்றைப் பெற்றுக்கொண்டு, பின்னர் அதனைப் பகிரங்கப்படுத்துவேன் என்று மிரட்டிப் பணமோ, வேறு படமோ, நேரிற் சந்திப்போ கேட்பது வழக்கமான முறை. ஒருமுறை பணிந்தால் மிரட்டல் நிற்பதில்லை. இரண்டாம் முறை விலை கூடும். ஆகவே பணம் கொடாமலும், சந்திக்கச் செல்லாமலும், வந்த செய்திகளை வெட்கத்தால் அழித்துவிடாமலும் வைத்திருந்து, திரையிற் காண்பதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லவேண்டும். அச்செய்திகளே சாட்சி. படம் அனுப்பியது விவேகமற்ற செயல் என்று பெற்றோர் கருதலாம். அப்பேச்சு ஆறு மாதம் பொறுக்கும். மிரட்டலோ இன்றிரவு நிகழ்கிறது. இந்த மிரட்டலுக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகள் பல நாடுகளிலும் உண்டு. ஆதலால், "எந்தப் படமும் உன் உயிரிலும் பெரிதன்று, எது நடந்தாலும் முதலில் என்னிடம் வா" என்று, ஒன்றும் நடவாத நல்ல நாளிலேயே சொல்லிவைக்கவேண்டும்.

தெருவழிப் பாதுகாப்புக்கு வருவோம். ஒரே திசையிற் செல்லும் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து வருவதே எல்லாவற்றிலும் சிறந்தது. அதனை ஒழுங்குசெய்யும் பொறுப்பைப் பெற்றோர் தம்முள் ஏற்கலாம். வகுப்பு நடத்துபவரோடு பேசிப் பெண்பிள்ளைகளின் வகுப்பைப் பகலுக்கு மாற்றச் சொல்லலாம். கட்டணம் கொடுப்பவர் கேட்டால் அவர் மறுப்பது அரிது. சந்தியிலிருந்து வீடுவரை விளக்கு இல்லாவிடின் பிரதேச சபைக்கு மனு எழுதுங்கள். பத்துக் குடும்பங்கள் கையொப்பமிடுங்கள். முச்சக்கர வண்டியில் ஏறமுன் இலக்கத்தை வீட்டுக்கு அனுப்பலாம். வழியில் எவராவது பின்தொடர்வதாகத் தோன்றினால், வீட்டை நோக்கித் தனிவழியே விரைவதிலும், வெளிச்சமுள்ள கடைக்குள்ளோ ஆளிருக்கும் முற்றத்துக்குள்ளோ நுழைந்துவிடுவது நல்லது. சந்தேகம் வீணாயிற்று என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றுவதை மரியாதையின் பொருட்டு அடக்கிக்கொள்ளலாகாது.

கைப்பிடியளவு மிளகாய்த்தூள், தற்காப்புக் கலை என்றெல்லாம் பலர் ஆலோசனை கூறுகிறார்கள். தற்காப்புப் பயிற்சி உடலுக்கும் துணிவுக்கும் நல்லது, கற்பவர் கற்கட்டும். ஆனால் எதிர்த்துப் போராடாதவள் சம்மதித்தவள் என்ற எண்ணத்துக்கு அது இடந்தரலாகாது. பேரச்சத்தில் உடல் கல்லாகிவிடுவதுண்டு. கை எழாது, குரல் வராது. இது மனத்தின் தீர்மானமன்று. உடல் தானே செய்வது. சட்டமும் இதனை அறியும். உடலிற் காயமோ எதிர்த்ததற்கான அடையாளமோ இருந்தாற்றான் சம்மதமின்மை நிரூபணமாகும் என்பதில்லையென 1995ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகவே கூறுகிறது. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையின் சம்மதம் சட்டத்தின்முன் சம்மதமே ஆகாது.

எல்லா எச்சரிக்கையும் இருந்தும் தீங்கு நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். நேர்ந்தபின் ஒருவருக்கும் புத்தி நிலைகொள்ளாது. உடனே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். குளிக்கத் தோன்றும், முதலில் தோன்றுவதே அதுதான். ஆயினும் குளியாமலும், உடுப்பைத் தோயாமலும் செல்லவேண்டும். மாற்றிய உடுப்பைப் பிளாத்திக்குப் பையில் இட்டால் ஈரத்தால் தடயம் கெட்டுவிடும். கடதாசிப் பையில் இட்டுக் கொண்டுபோகவும். குளித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று இருந்துவிடவும் வேண்டாம். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து அறியக்கூடியவை பின்னரும் உண்டு. கருத்தரியாமற் காக்கும் மருந்தும், எயிட்சுக் கிருமி பற்றாமற் காக்கும் மருந்தும் இருக்கின்றன. இரண்டாவது மருந்தை எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கியாகவேண்டும். முதலாவதும் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நன்று. எனவே குடும்பம் கூடி ஆலோசிப்பது வைத்தியசாலைக்குப் போனபின் ஆகட்டும். பல அரசினர் வைத்தியசாலைகளில் இத்தகையோர்க்கென்றே 'நட்பு நிலையம்' என்ற பகுதி இயங்குகிறது. அங்குள்ளோர் இரகசியம் காத்து வழிகாட்டுவர்.

பொலிஸ் நிலையத்திற் பெண் உத்தியோகத்தரிடம் முறைப்பாடு கூற விரும்புவதாகக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே பதியும்படி கேட்பது நம் உரிமை. விளங்காத மொழியில் எழுதப்பட்டதில், வாசித்து விளக்கப்படுமுன், கையொப்பமிட வேண்டாம். அவசரத்துக்குப் பொலிஸ் 119. சிறுவர் விடயங்களுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. பெண்களுக்கான உதவி 1938. இம்மூன்றையும் சமையலறைக் கலண்டரில் எழுதிவையுங்கள். பெயர் வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சுவோர்க்கும் ஒன்று கூறுவோம். இக்குற்றங்களுக்கு ஆளானவர் யாரென்று தெரியும்படி பத்திரிகையில் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். முகநூலிற் படத்தைப் போட்டு அனுதாபம் தெரிவிக்கும் அன்பர்களும் இதனை அறிந்திருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கத்தையும் வெளிப்படையாகக் கண்டிக்கவேண்டியிருக்கிறது. ஊர்ப்பெரியவர்கள் நால்வர் கூடிச் 'சமாதானம்' பேசுவார்கள். பணம் ஒரு தொகை கைமாறும். அல்லது, அவனே அவளை மணந்துகொள்ளட்டும் என்று தீர்ப்பாகும். கொள்ளையடித்தவனுக்கு வீட்டுத் திறப்பையும் சேர்த்துக் கொடுப்பதற்கு இது நிகர். குடும்ப மானம் காக்கப்பட்டதாகப் பெரியவர்கள் எழுந்து போவார்கள். அப்பெண் அவனோடு எத்தனை ஆண்டுகள் வாழவேண்டும் என்பதை அவர்களுள் ஒருவரும் எண்ணியிரார். இது இரு குடும்பங்களின் வழக்கன்று. நாட்டுக்கு எதிரான குற்றம். அதனைப் பேசித்தீர்க்க அந்நால்வருக்கு அதிகாரமும் இல்லை. இவ்வாறு தப்பியவன் அடுத்த வீட்டு வாசலிலும் மாம்பழப் பையோடு நிற்பான்.

பாடசாலைக்கும் ஒரு கடமை உண்டு. இத்தகைய துன்பத்துக்கு ஆளான பிள்ளை பல வாரங்கள் கழித்துத் திரும்பி வரும்போது, மற்றைய பெற்றோரின் முணுமுணுப்புக்கு அஞ்சி, வேறு பாடசாலைக்கு மாறிக்கொள்ளும்படி அதிபர்கள் நாசூக்காக ஆலோசனை கூறுவதைக் கேள்விப்படுகிறோம். அவள் இருந்த வாங்கில் அவளுடைய இடம் அவளுக்காக இருக்கவேண்டும். தவறிய பாடக் குறிப்புகளைத் தோழியொருத்தி எழுதி வைத்திருக்கலாம். என்ன நடந்தது என்று எவரும் கேட்கவேண்டியதில்லை. இடாப்புக் கூப்பிடும்போது ஆசிரியர் அவள் பெயரை மற்றப் பெயர்களைக் கூப்பிடும் அதே குரலிற் கூப்பிட்டு, அடுத்த பெயருக்குச் செல்லட்டும்.